வாசகர் கேள்வி – பதில்: மாரிக்கு முன் வீட்டை ஒதுக்குவது

கேள்வி: எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை வீடு. ஒரு அறை முழுக்க உரப்பைகள். பழைய உடுப்பு, சட்டி பானை, வெளிநாட்டுப் பெட்டிகள், நெல்மூடை, மிஞ்சிய யூரியா எல்லாம் அதற்குள்தான். ஒன்றையும் எறிய மாமி விடமாட்டார். மழை தொடங்கமுன் எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, தருமபுரம்

பதில்: எறிவதைப் பற்றி மாமியோடு இப்போது கதைக்கவே வேண்டாம். 2009இல் போர் முடியும்போது உடுத்த உடுப்போடு முகாமுக்குப் போனவர்களுக்கு ஒரு வெறும் பேணியைக்கூட வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அதைப் பிடிவாதம் என்று எடுக்காதீர்கள். முதல் நாள் தரையையும் சுவரையும் வெறுமையாக்கினால் போதும். நம் பக்கத்தில் சாமான் பழுதாவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தாலும்தான்: சுவரோர வெடிப்பால் கறையான் ஏறும், சீமெந்துத் தரையின் ஈரம் பைக்குள் இறங்கும்.

வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் முற்றத்தில் தறப்பாள் விரித்து இறக்குங்கள். பைக்குள் கையை விடவே கூடாது. முதலில் தடியால் தட்டுங்கள், பிறகு அடி மூலை இரண்டையும் பிடித்துக் கவிழ்த்துக் கொட்டுங்கள். புடையனும் தேளும் இப்படியான இருட்டு மூலையில்தான் ஒதுங்கிக் கிடக்கும்.

அறை வெறுமையானதும் சுவரில் கறையான் கட்டிய மண்குழாய்களைச் சுரண்டிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். அதே இடத்தில் ஈர மண்ணோடு புதுக்குழாய் வந்தால் புற்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வெடிப்புக்குக் கறையான் மருந்து விட்டபிறகுதான் சீமெந்து பூச வேண்டும். மருந்து விடாமல் பூசினால் பக்கத்தில் வேறு வழி எடுத்து வரும்.

அடுத்தது தட்டு. சீமெந்துக் கல்லின் மேல் பலகை போட்டால் போதும். தரையிலிருந்து 6 அங்குலம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். விளக்குமாறு போய்வரவும், குழாய் வந்தால் கண்ணில் படவும் அந்த ஒரு முழம் தேவை. நெல்லைக் கடித்துப் பாருங்கள்: ‘டிக்’ என்று முறிந்தால் காய்ந்திருக்கிறது. நசிந்தால் இன்னும் வெயில் காட்ட வேண்டும், அப்படியே கட்டினால் மூடைக்குள் சூடு பிடித்துப் பூஞ்சணம் வரும். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், ஆகவே வாயை இறுகக் கட்டி நெல்லிருக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. வெளியே, பூட்டுள்ள பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உடுப்பை இருபக்கமும் வெயிலில் போட்டு, ஆறவிட்டு மடியுங்கள். சூட்டோடு பெட்டிக்குள் மூடினால் உள்ளே வேர்த்து, மாரியில் ஊத்தை மணம் வரும். வேப்பிலை வைப்பதானால் நொறுங்குமளவு நிழலில் காய்ந்திருக்க வேண்டும், பச்சை இலை ஈரத்தைத்தான் கூட்டும். கைக்குழந்தையின் உடுப்போடு பூச்சி உருண்டை வேண்டாம், சில குழந்தைகளுக்கு அது இரத்தத்தைப் பாதிக்கும்.

இனி மாமி. அவருக்கென்று ஒரு றங்குப்பெட்டி கொடுங்கள். அதற்குள் என்ன வைப்பது என்பது அவருடைய முடிவு, ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அது நிறைந்த பிறகு மற்றதை அவரே பார்த்துக் கழிப்பார். அவர் கையால் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் இலகுவாகக் கழிப்பார்.

வளவில் கிடக்கும் பேணி, சிரட்டை, ரயர் எல்லாம் மழைக்கு முன் போக வேண்டும். வைத்திருக்கும் வாளி, தாழிகளில் உள்ள தண்ணீரை வெளியே ஊற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை உள்சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தும்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் மடித்துக் கிடக்கின்றன. லமினேற் செய்தால் நல்லதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: மூலப்பிரதியை லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது, அதில் எதையும் எழுதவோ முத்திரை குத்தவோ இயலாது. கம்பிப் பின் அடித்திருந்தால் கழற்றுங்கள், முதலில் துருவேறுவது அந்த இடம்தான். மடிப்பை நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்ரிக் உறையில் இட்டு, இறுக்கமான மூடியுள்ள தட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். இடம் உயரமான தட்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்; ஒரு கையால் தூக்கிக்கொண்டு வெளியேறக்கூடிய பெட்டியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினருக்கு அனுப்பி வையுங்கள்.

தொலைந்தாலும் கலங்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்திலும், பதிந்த உறுதிக்குக் காணிப் பதிவகத்திலும் விசாரியுங்கள். பழைய குடும்பப் படங்கள் நனைந்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாகக் கழன்றதும் படப்பக்கம் மேலே இருக்க நிழலில் காயவையுங்கள்.

கேள்வி: வளவு துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் பாதி புதைந்த இரும்பு ஒன்று தெரிகிறது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தொடவே வேண்டாம், போர்க்காலத்தில் வெடிக்காமல் கிடந்த வெடிபொருளாக இருக்கலாம். என்னவென்று தெரியாத இரும்பைக் கிண்டவோ, தட்டவோ, பக்கத்தில் குப்பை கொளுத்தவோ கூடாது. வந்த வழியாலேயே திரும்பி, தள்ளி நின்று தடி நட்டு அடையாளமிட்டு, பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே பொலிஸுக்கு 119இல் அழையுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். அவர்கள் வந்து அகற்றும்வரை வளவின் அந்தப் பக்கத்தில் துப்புரவு வேலை வேண்டாம்.