தேவாலயக் கூடத்தில் வீடற்றோரைப் படுக்கவைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

கேள்வி: சேலம் சூரமங்கலம் பகுதியிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் செயலாளர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ரயில்வே ஜங்ஷன் வாசலிலும் புதிய பேருந்து நிலையத்திலும் படுத்திருப்போருக்கு ஞாயிறு இரவுகளில் வாலிபர் சங்கத்தார் உணவுப் பொட்டலம் கொடுத்து வருகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்பு, ஆயிரம் சதுர அடியுள்ள பழைய ஓய்வுநாள் பள்ளிக் கூடத்தை நாற்பது பேர் இரவில் படுக்கத் திறந்துவிட நினைக்கிறார்கள். உரிமம் இல்லாமல் திறந்தால் வழக்கு வரும் என்று எச்சரிக்கும் ஓர் ஆலோசகர், அறக்கட்டளைப் பதிவு, வரிவிலக்கு, வெளிநாட்டு நிதி அனுமதி மூன்றையும் அறுபதாயிரம் ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இதே சபையில் வளர்ந்து இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர் பணம் அனுப்பக் காத்திருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். மழையில் நனைகிற வயதுவந்த ஆண்களை இரவில் உங்கள் கூரைக்குக் கீழே படுக்கவிடுவது குற்றமாகாது. சிக்கல் வருவது, இரவுத் தங்கல் மெல்ல மெல்ல நிரந்தர இல்லமாக மாறும்போதுதான். பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்கும் இல்லத்துக்கு 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். துணையில்லாத குழந்தை கண்ணில் பட்டால் 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும்; இரக்கத்தால் வைத்துக்கொண்டோம் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. மனநிலை பாதிக்கப்பட்டுத் திரிபவரைக் காவல்துறை பொறுப்பேற்று அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. அது உங்கள் வாலிபர் சங்கத்தின் வேலையன்று. ஆகவே ஆண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடக்கணக்கையும் பாருங்கள். நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத்துக்கான தேசிய வழிகாட்டுதல் ஒருவருக்கு 50 சதுர அடி என்கிறது. அப்படியானால் உங்கள் கூடம் இருபது பேருக்குத்தான் போதும். நாற்பது பேரை அடைத்தால் முதல் சண்டை பாய்க்காகவே வரும். கூடத்தைத் திறக்கும் முடிவைக் சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவில் தீர்மானமாக எழுதி, பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் சொத்து சபையாரின் பெயரில் இல்லை. காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். வருவோரின் பெயரையும் ஊரையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். சாப்பாட்டுக்கோ படுக்கைக்கோ ஜெபத்தை நிபந்தனையாக வைக்காதீர்கள், பொட்டலத்தோடு துண்டுப்பிரசுரத்தையும் வைக்காதீர்கள். பசியோடு நீட்டிய கை எதையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் அதைப் பயன்படுத்துவது நேர்மையன்று. வீண் புகாருக்கும் அதுவே வழிவிடும்.

இனி அந்த ஆலோசகர். இந்த வகை மனிதர்களைச் சேலத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், அவர்கள் விற்கும் சரக்கு மாறுவதே இல்லை. அறக்கட்டளைப் பத்திரத்தை எந்த வழக்கறிஞரும் எழுதித் தருவார். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். தொண்டு நிறுவனங்களுக்கென மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் தர்பண் இணையதளத்தில் பதிவதற்குக் கட்டணமே கிடையாது, ஆனால் அதில் கிடைக்கும் எண்ணை ‘மத்திய அரசு அங்கீகாரம்’ என்று சொல்லி இவர்கள் காசாக்குகிறார்கள். வெளிநாட்டு நிதிப் பதிவு கேட்கும் அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டுகளில் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் இருக்க வேண்டும். நேற்றுப் பிறந்த அறக்கட்டளைக்கு அதை வாங்கித் தருகிறேன் என்பவர், ஏற்கெனவே பதிவுள்ள ஏதோ ஓர் அமைப்பின் கணக்கு வழியாகப் பணத்தைத் திருப்பிவிட்டுக் கமிஷன் எடுக்கும் எண்ணத்தில்தான் பேசுகிறார். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு அப்படி மாற்றிவிடுவது, வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோதம். இவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அறங்காவலர் பட்டியலில் அவருடைய மனைவியின் பெயரோ மைத்துனரின் பெயரோ நுழைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். படுத்திருக்கும் முதியவர்களைப் படம் எடுத்துத் தரச் சொல்வார், அதற்கும் இணங்காதீர்கள். அந்தப் படங்கள் யாருடைய நன்கொடை வேட்டைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியவராது.

கனடாக்காரர் விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்வதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவர் எங்கே வசிக்கிறார் என்பது கேள்வியன்று, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதே கேள்வி. இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. அவர் கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டால் அதே மனிதர், அதே வங்கி, அதே தொகை என்றாலும் அது வெளிநாட்டு நிதியே, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை கையில் இருப்பதால் நிலைமை மாறாது. இந்தியக் கடவுச்சீட்டுள்ளவர் தம் அங்குள்ள சபையாரிடம் திரட்டிய காணிக்கையைத் தம் பெயரில் அனுப்பினாலும் விலக்கு செல்லாது, ஏனென்றால் அது அவருடைய சேமிப்பு இல்லை. அம்மாபேட்டையிலுள்ள தங்கையின் கணக்குக்கு அனுப்பி, தங்கை அதை எடுத்துச் சபைக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். உறவினருக்குத் தருவது உறவினரின் செலவுக்கு. பின்வாசலாக அதைப் பயன்படுத்துவது மாட்டிக்கொள்ளும் வழி. கடவுச்சீட்டின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் திட்டத்துக்கு ஆகும் செலவு சிறியதுதான் என்பதால், உள்ளூர்க் காணிக்கையே போதும் என்பது என் கருத்து.

இருபது பாய், போர்வை, ஒரு காவலாளி, சுத்தமான கழிவறை: இதற்கு அறக்கட்டளை எதற்கு? அங்கே படுப்பவர்களில் பலர் அநாதைகள் அல்லர். கல்வராயன் மலையிலிருந்தும் தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்து, செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் மூட்டை தூக்கிவிட்டுக் கடைவாசலில் படுப்பவர்கள். பையைப் பத்திரமாக வைக்க ஓர் இடமும் விடியற்காலையில் குளிக்கத் தண்ணீரும் கிடைத்தால் அவர்களுக்கு அதுவே பெரிது. முதியவர்களின் நிலை வேறு. தலைக்கு வைத்துப் படுக்கும் ரெக்சின் பையைத் திறக்கச் சொன்னால், அடியில் பாலித்தீன் உறைக்குள் மடித்த, எழுத்தழிந்த ரேஷன் அட்டை நகல் ஒன்று இருக்கும். அசல் மகன் வீட்டில் இருக்கும். சில வேளைகளில் ஓய்வூதியம் வாங்கித் தருவதாகச் சொன்ன புரோக்கரிடம், ஏ.டி.எம். அட்டையோடு சேர்ந்து இருக்கும்.

மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தில் புரோக்கர் பங்கு கேட்பதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வீடில்லாதவரிடம் முகவரிச் சான்று கேட்கும் அலுவலகங்கள்தான் அவனுக்குச் சோறு போடுகின்றன. ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் இடம் வேண்டும் என்பது மத்திய அரசே வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்தைக் கடந்த இந்த மாநகரத்தின் பேருந்து நிலையத் தரையை இரவில் பார்த்தால், அந்த அளவை யார் மதிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

உங்கள் வாலிபர்களைப் பொட்டல வேலையிலிருந்து கொஞ்சம் இந்தச் சான்றுகளை வாங்கித் தரும் வேலைப் பக்கம் திருப்புங்கள். ஒருவருக்கு ஓர் இளைஞர் என்று துணை போகட்டும். வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று இல்லாத வீடற்றவர், படிவம் 6இல் தாம் படுக்கும் இடத்தையே குறிப்பிடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே விதி. வரமாட்டேன் என்பார், நினைவூட்டுங்கள். ஆதாருக்கு மாமன்ற உறுப்பினரோ வட்டாட்சியரோ உரிய படிவத்தில் சான்றளிக்கலாம்; போதகரின் கடிதத்தாள் அதற்குச் செல்லாது, வீணாக எழுதித் தராதீர்கள். பிறகு வங்கிக் கணக்கு, அதன்பின் இ-சேவை மையத்தில் ஓய்வூதிய விண்ணப்பம். விண்ணப்ப ஒப்புகைச் சீட்டையும் ஏ.டி.எம். அட்டையையும் அந்த முதியவரிடமே கொடுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று சபை அலமாரியில்கூட வைக்காதீர்கள்.