மூன்றரை மணி பஸ்

அன்புள்ள அக்கா,

மேலூர் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் பி.ஏ. வரலாறு முதலாண்டு படிக்கிறேன். சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங். வீட்டில் விசேஷம் என்றால் அவனிடம் எந்தக் கம்பெனி வரும் என்று கேட்கிறார்கள். என்னிடம் ‘ஹிஸ்டரி படிச்சு என்னம்மா பண்ணப் போற?’ என்கிறார்கள். எங்களுடையது லிபரல் ஆர்ட்ஸ் முறைக் கல்லூரி என்று முதல் நாள் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன், ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. இவ்வளவு சின்னக் கல்லூரியில் எனக்கு என்னதான் கிடைக்கும்? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது கம்பெனி பற்றிய வரி இல்லை. பஸ் பற்றிய வரி.

நான் சோழவந்தான். என் கல்லூரி நாட்களில் மூன்று மணிக்குக் கடைசி மணி அடிக்கும், மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரை நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஹாலிலிருந்து சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் நாடக ஒத்திகை. என் வகுப்புப் பெண்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். படியில் ஒரு பேராசிரியை இரண்டு பேருக்கு மேற்படிப்பு விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். இப்படி ஒரு மேற்படிப்பு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக நான் பஸ்ஸில் இருந்த நேரத்தில் கல்லூரி இங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

லிபரல் ஆர்ட்ஸ் என்பதை அதற்கப்புறம்தான் புரிந்துகொண்டேன். ஒரே துறையில் அடைந்துவிடாமல் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கிற முறை அது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் ஓபர்லின் என்று ஒரு கல்லூரி. 1833இல் தொடங்கியது. 1837லேயே பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்தவர்கள். மதுரைக் கல்லூரிகளோடு அவர்களுக்குப் பல காலத் தொடர்பு உண்டு. அங்கே படித்து முடித்தவர்கள் இங்கே வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி வந்த ஒருவரோடு நான் பேசியிருக்கிறேன். உயிரியல் படித்தவர், கூடவே இசையும் படித்திருந்தார். மேஜர், அதாவது முதன்மைப் பாடம் எது என்று இரண்டாம் வருடக் கடைசியில் சொன்னால் போதுமாம். மாணவர்களே கூடிச் சமைத்துச் சாப்பிடும் விடுதியில் இருந்திருக்கிறார். நூறு பேருக்கு ரொட்டி சுட்ட கதையை அவர் சொன்ன உற்சாகத்தில் பாடத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பாடத்தை மட்டும் பார்த்தால் நமக்கும் அந்த அகலம் கொஞ்சம் இருக்கிறது. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் உன் வரலாறும் அலைடு பாடமும், நான்கில் வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம், ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பெரும்பாலும் எல்லோரும் வளாகத்திலேயே தங்குகிறார்கள். சாயங்காலமும் படிப்பில் சேர்த்தி. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பஸ் பிள்ளைகள். நமக்குக் கல்லூரி மூன்று மணியோடு முடிந்துவிடுகிறது. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

வேலை விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. சித்தப்பா மகனுக்குக் கம்பெனி கல்லூரிக்கே வரலாம், உன் துறைக்கு அப்படி வருவது அபூர்வம். நீதான் தேடிப் போக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. உனக்கே தெரியும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர கியூட் பி.ஜி. என்ற நுழைவுத்தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வருகிறதா என்று பார்.

இதையெல்லாம் விட நீ உட்கார்ந்திருக்கும் இடம் பெரிய விஷயம். மேலூர்க்காரி நீ! மாங்குளம், மீனாட்சிபுரம் மலைக்குப் போயிருக்கிறாயா? அங்கே குகைத்தளத்தில் தமிழ்பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. 1882இல் ராபர்ட் சீவல் என்பவர் கண்டுபிடித்தார். அதில் ‘நெடுஞ்செழியன்’ என்று ஒரு பாண்டியன் பெயர் இருப்பதை 1960களில் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். அவர் படித்தது வேதியியலும் சட்டமும், பார்த்தது ஐ.ஏ.எஸ். வேலை. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழு ஒன்றும் அங்கே பேசப்படுகிறது. அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி எல்லாம் உன் பஸ் போகும் தூரம்தானே. டெல்லியிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் ரயிலேறி வந்து பார்க்கிற இடம் உனக்குப் பக்கத்து ஊர். மூன்றாம் வருட புராஜெக்டை இப்போதே அங்கே தொடங்கு. அந்த ஊர்ப் பெரியவர்கள் மலையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்தப் பாறைக்கு என்ன கதை என்று ஒரு நோட்டில் எழுதிவை. அந்த நோட்டோடு உன் துறைப் பேராசிரியர் அறைக்குப் போ. சின்னக் கல்லூரியின் லாபம் அங்கேதான் இருக்கிறது. ஒரு வகுப்பில் முப்பது, நாற்பது பேர் என்றால் உன் பெயர் அவருக்குத் தெரியும். பின்னால் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது உன்னைப் பற்றி எழுத அவருக்கு ஏதாவது இருக்கும்.

சரி, உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு சண்டை வேண்டாம். என் அப்பாவிடம் நான் எத்தனை முறை கேட்டும் நடக்கவில்லை. அன்று படியில் விண்ணப்பம் திருத்திய அந்தப் பேராசிரியை ஒரு அரைத்தாளில், ‘செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை வரை உங்கள் மகள் கல்லூரியில் இருப்பார். நான் உடன் இருப்பேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, துறை முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அப்பா அதை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு நின்றிருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் நின்றார்.

நீயும் உன் பேராசிரியரிடம் அப்படி ஒரு தாள் கேள். வாரத்தில் இரண்டு நாள் போதும், முதலில். மாங்குளம் போய்வந்ததும் எனக்கு எழுது. மலையேறும்போது தண்ணீர் கொண்டுபோ, தனியாகப் போகாதே.

அன்புடன்,
அக்கா