ஏழு வருடப் பழைய வைஃபை ரவுட்டர்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கேள்வி: வீட்டு ரவுட்டர் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக நெட் அடிக்கடி நின்றுவிடுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் வருகிறது. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்:

முதலில் அந்தப் பெட்டி யாருடையது என்று பாருங்கள். ஃபைபர் ஒயர் நேராக அதிலேயே சொருகியிருந்தால் அது ஓஎன்டி, அதாவது ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் பெட்டி. பெரும்பாலும் இணைப்பு கொடுத்த நிறுவனமே மாட்டிவிட்டுப் போயிருக்கும். பழைய பில்லைத் தேடிப் பாருங்கள். டெபாசிட்டோ வாடகையோ வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் என்றால் புகார் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர்கள் பொருளுக்கு நீங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?

சொந்தக் காசில் வாங்கிய ரவுட்டர் என்றால், பெட்டிக்கு வெளியே இருப்பது எது கெட்டாலும் சரிசெய்யலாம். உள்ளே கெட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ரவுட்டர் போர்டைப் பிரித்துப் பார்க்க ஆள் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் அவர் கேட்கும் கூலிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வந்துவிடும். ஆனால் 'ரவுட்டர் போச்சு' என்று என்னைக் கூப்பிட்டவர்கள் வீட்டில் பாதிக்கு மேல் ரவுட்டர் போகவே இல்லை. கோளாறு வெளியில்தான் இருந்தது.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அடாப்டரை. இரவு பகல் பாராமல் பிளக்கில் சூடாகிக்கொண்டே இருப்பது அதுதான். உள்ளே கரண்டைச் சீராக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகம் சூட்டில் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். செத்துப்போன அடாப்டரைப் பிரித்தால் கெப்பாசிட்டரின் தட்டையான தலை பூரி மாதிரி உப்பி நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் கெட்டுக்கொண்டிருக்கும் அடாப்டர் உடனே முழுதாகச் சாகாது, அதுதான் தொல்லை. வீட்டில் ஒரு போன் மட்டும் ஓடும்போது சமாளிக்கும். சாயங்காலம் டிவி, லேப்டாப், பிள்ளைகள் போன் எல்லாம் சேர்ந்ததும் வோல்டேஜ் இறங்கி, ரவுட்டர் தானாக அணைந்து எழும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாக 12 வோல்ட் காட்டும். சும்மா இருக்கும்போது காட்டும் அந்த அளவை நம்பாதீர்கள், லோடு ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நெட் நின்று திரும்பி வந்ததும் பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்து ரவுட்டர் பக்கத்துக்குள் போங்கள் (சரியான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்). ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'அப்டைம்' என்று ஒன்று காட்டும், கடைசியாக ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அது. நீங்கள் கை வைக்காமலே அது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. அடாப்டரை மாற்றுங்கள். பல நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டினால் அடாப்டர் மேல் தப்பில்லை, கோளாறு வேறெங்கோ.

அடாப்டர் இருநூறு, முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் குவித்து வைத்திருப்பார்கள். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும்: 9 என்றால் 9, 12 என்றால் 12. ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் இருந்த இடத்தில் 12 வோல்ட் 2 ஆம்பியர் போட்டால் ஒன்றும் ஆகாது, ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் சொருகினால் போர்டே போய்விடலாம். பின்னின் நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸா என்று லேபிளில் சின்னப் படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான் சார், போடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கரண்ட் போனால் ஓட மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்களும் இந்த வோல்ட் விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் 9, 12 என்று இரண்டு வாய் வைத்து வருகிறது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கழற்றிவிட்டு மாற்றிச் சொருகிவிடுவார்கள்.

அடாப்டர் நல்லா இருக்கிறது என்றால், அடுத்து குற்றம் லைனிலா ரவுட்டரிலா என்று பிரிக்க வேண்டும். இதற்குப் 'பிங்' போதும் (ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது), போனில் இலவச ஆப்பே இருக்கிறது. நெட் நின்ற அந்த நேரத்தில் முதலில் ரவுட்டரின் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள், பிறகு வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கு. ரவுட்டர் பதில் சொல்லி, வெளியே இருப்பது சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் லைன்தான் போயிருக்கிறது. ரவுட்டரே விட்டு விட்டுப் பதில் சொன்னால் கோளாறு வைஃபையிலோ பெட்டியிலோதான். அப்போது லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். கேபிளில் ஜம்மென்று வந்தால் வைஃபை சிக்னல் பிரச்சினை. கேபிளிலும் தடுமாறினால் ரவுட்டரே போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று ஒரு கண் பாருங்கள். எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. எங்கோ ஒயர் அறுந்திருக்கும், இல்லை பீரோ இடுக்கில் மடங்கி நசுங்கியிருக்கும். ரவுட்டரை எத்தனை தடவை ஆஃப் செய்தாலும் பலன் இல்லை.

சிக்னல் பிரச்சினை என்றால் இடத்தை மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும். கோவில்பட்டியில் என் சித்தப்பா வீட்டில் "தம்பி, ரவுட்டர் அவுட்டு, புதுசு ஒண்ணு நல்லதாப் பார்த்துச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்தால் டிவி கேபினெட்டுக்குள், செட்டாப் பாக்ஸின் முதுகில் ரவுட்டர் படுத்திருக்கிறது. பக்கத்திலேயே இரும்பு பீரோ. மேலே கை வைத்தால் சுடுகிறது. "கண்ணுல படாம இருக்கட்டும்னு உங்க சித்திதான் வெச்சா" என்று பழியை அந்தப் பக்கம் தள்ளினார். ஹாலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து மாட்டினோம், அவ்வளவுதான். வாங்குகிற பேச்சு அதோடு நின்றது. இரும்பும் தண்ணீரும் சிக்னலுக்குச் சத்துரு. ரவுட்டருக்கும் ஓர் அறைக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டி நின்று, அந்த அறையில் நெட் வரவில்லை என்றால் ரவுட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அடுக்குமாடி வீடு என்றால் இன்னொன்று. பழைய வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். இருபது வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும். இதற்கு மருந்து 5 கிகாஹெர்ட்ஸ். உங்கள் பழைய பெட்டியில் அது இல்லை என்றால், அதுவே மாற்றுவதற்கு ஒரு நியாயமான காரணம்.

எதைச் செய்தாலும் சரியாகாதவையும் இருக்கின்றன. பழைய மலிவு ரவுட்டர்களில் போர்ட் (கேபிள் சொருகும் வாய்) 100 எம்பிபிஎஸ்தான். நீங்கள் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தாலும் அதன் வழியே 94, 95க்கு மேல் வராது. மாதாமாதம் பாதிப் பணம் வீண். புது ரவுட்டர் வாங்கியும் 95லேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டு ஒயரும் வேண்டும், 100க்கு நான்கே போதும். அவசரத்தில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

இன்னொன்று பாதுகாப்பு. நான் இதை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன், யாரும் கேட்பதில்லை. ரவுட்டர் நன்றாக ஓடலாம், ஆனால் தயாரித்த நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருக்கும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரவுட்டர்களில் புகுந்தபோது, எல்லோரும் ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்க எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது. 2025 மே மாதம் மறுபடி ஓர் எச்சரிக்கை: லிங்க்சிஸ் இ1200 மாதிரி ஆதரவு முடிந்த பழைய மாடல்களைப் பிடித்து, திருட்டு வேலைக்கு முகமூடியாக அடுத்தவன் இணைப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று. நாளைக்கு யாரோ செய்த தப்புக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரி போய் நிற்கும். அதனால் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கடைசி ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) எப்போது வந்தது என்று பாருங்கள். அடி ஸ்டிக்கரில் வி9, வி13 என்று ஹார்டுவேர் வெர்ஷன் போட்டிருக்கும், அதையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு போர்டு இருக்கும். ஒன்றின் ஃபர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி உயிரை விட்டுவிடும். மூன்று நான்கு வருடமாக ஒன்றுமே வரவில்லை என்றால், அடாப்டர் கெட்டிருந்தால்கூட அதைச் சாக்காக வைத்துப் புதிது வாங்குங்கள்.

ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று ஃபர்ம்வேரைப் போட்டு உயிர்ப்பிக்கலாமே என்று யாராவது கருத்தில் எழுதுவார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் 21.02 பதிப்பிலிருந்தே குறைந்தது 8 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பு இடம்), 64 எம்பி ரேம் கேட்கிறது. நம் வீடுகளில் அதிகம் புழங்கிய மலிவு மாடல்கள் பலவற்றில் அதில் பாதிதான்.

வாங்குவதானால்: இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்), எல்லா போர்ட்டும் கிகாபிட், டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை). இந்த மூன்றும் இருந்தால் போதும். மூவாயிரம் ரூபாயை ஒட்டி வைஃபை 6 ரவுட்டரே கிடைக்கிறது. வைஃபை 7க்கு இப்போது அவசரம் இல்லை, அதைப் பயன்படுத்தும் போனும் லேப்டாப்பும் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பு எட்டு வைத்த பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

முக்கியமான ஒன்று. புதிதை மாட்டுவதற்கு முன்பும் சரி, பழையதை ரீசெட் செய்து பார்ப்பதற்கு முன்பும் சரி, பிபிபிஓஈ (நெட் கனெக்ஷனுக்கான லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண் (சில கனெக்ஷன்களில் ரவுட்டருக்குள் கொடுக்க வேண்டிய எண்) இருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் கனெக்ஷன் கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ரீசெட் பட்டனில் ஊசியை வைத்து அழுத்திவிட்டால் அவை அழிந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுக்கும் வரை வீடே மொபைல் டேட்டாவில் ஓடும்.

இடியில் இன்டர்நெட் போர்ட் மட்டும் கருகிப்போன ரவுட்டரைக்கூட உடனே தூக்கிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே இழுத்த லேன் ஒயர் வழியே இது அடிக்கடி நடக்கும். ஓஎன்டியே ரவுட்டர் வேலையையும் பார்க்கும் வீடு என்றால், பழையதில் டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்கு முகவரி பங்கிடும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.1.2 என்பது மாதிரி மோதாத ஒன்றாக மாற்றி, கேபிளை லேன் போர்ட்டில் சொருகினால் மாடிக்கு வைஃபை கொடுக்கும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் ஆகிவிடும்.

உங்கள் ரவுட்டரின் மாடல், அடியில் உள்ள வெர்ஷன், நெட் நிற்கும்போது எந்த விளக்கு எப்படி எரிகிறது, இந்த மூன்றையும் கருத்தில் போடுங்கள். அப்டேட் இன்னும் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.