யூத மழலையர் வகுப்பில் இஷ்டத்துக்கு விளையாட விட்டால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

நிறையக் கற்பார்கள். எனக்குப் பிடித்த உதாரணம், இன்றைய இஸ்ரேலில் 1939-இல் உருவான ஸ்தே எலியாஹு கிபுட்ஸ். சமயப் பற்றுள்ள அந்தக் கூட்டுக் குடியிருப்பின் பாலர் பள்ளியில் மல்கா ஹாஸ் என்ற கல்வியாளர் 'காயலான் முற்றம்' ஒன்றை வளர்த்தெடுத்தார். பழைய டயர், ஏணி, பலகை, பானை எல்லாம் கிடக்கும். அவற்றை வைத்து என்ன செய்வது என்பது பிள்ளைகளின் முடிவு.

இப்படிப்பட்ட இடத்தில், சுக்கோத் என்னும் யூதப் பண்டிகைக்குப் பெரியவர்கள் 'சுக்கா' என்ற பந்தலைப் போடுவதைப் பார்க்கும் பிள்ளைகள் தாங்களும் ஒன்று கட்டத் தொடங்குவார்கள். பலகை சாயும். யார் பிடிப்பது என்று சண்டை வரும், பிறகு சமாதானமும் வரும். கூரையாகத் துணியைப் போர்த்தினால் அது சுக்கா ஆகாது. வெட்டிய ஓலையோ கிளையோதான் கூரை, உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும் என்பது சமய விதி. "இந்த ஓலை போதுமா?" என்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளை அளவு, ஒளி, மரபு மூன்றையும் சேர்த்தே யோசிக்கிறது. எந்தப் பயிற்சித்தாளும் இதைத் தராது.

ஆசிரியருக்கும் இதில் வேலை அதிகம்: ஆணி நீட்டிய பலகையை அகற்ற வேண்டும், புதுப் பொருள் சேர்க்க வேண்டும், கவனிக்க வேண்டும். கடினமானது, குறுக்கே போகாமல் இருப்பதுதான்.