மாற்றுச் சிறுநீரகம்: காய்ச்சலும் சாயங்காலச் சர்க்கரையும்

கேள்வி: என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஐந்து மாதம். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோன் சாப்பிடுகிறார். இரண்டு நாளாக நீர்க்கடுப்பு. நேற்றிரவு குளிர்நடுக்கம், காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ். முன்பு இல்லாத சர்க்கரை இப்போது சாயங்காலத்தில் 14 மில்லிமோல் (mmol/L) காட்டுகிறது, காலையில் 5.9தான். வீட்டில் மிச்சமுள்ள ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா? தைப்பூசக் காவடி வேண்டுதலும் இருக்கிறது.
வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இன்றே மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இரவானால் அவசரப் பிரிவுக்கு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு 38 டிகிரியே பெரிய காய்ச்சல். பிரெட்னிசோன் அதைக்கூட மறைத்துவிடும். புதுச் சிறுநீரகத்துக்குப் பழைய நரம்புத் தொடர்பு கிடையாது, அதனால் கிருமி அதுவரை ஏறினாலும் அடிவயிற்றில் வலி தெரியாமல் போகலாம்.

ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), குளிர்நடுக்கம் இருப்பதால் ரத்தக் கல்ச்சரும் எடுக்க வேண்டும். மிச்ச மருந்தை விழுங்கிவிட்டால் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டும் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை இறக்கி, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்க வழிசெய்யும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகாது. டாக்ரோலிமஸை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அதன் அளவு பார்க்கும் ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன் கொடுங்கள்.

சர்க்கரைக்கு வருகிறேன். டாக்ரோலிமஸ் கணையத்தின் இன்சுலினைக் குறைக்கிறது. காலையில் போடும் பிரெட்னிசோன் மதியத்துக்குமேல் சர்க்கரையை ஏற்றி, விடிவதற்குள் அடங்கிவிடும். காலை 5.9ஐ மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதுதான் பலரும் செய்யும் தவறு. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் குத்திப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ரத்தச் சர்க்கரை 10ஐத் தாண்டினால் சிறுநீரிலும் இறங்கும். தொற்று இருந்தால் சர்க்கரை இன்னும் ஏறும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். மதியம் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) வாங்கினால் கறியைச் சாப்பிடட்டும், ரொட்டியை விடட்டும். பிரெட்னிசோனைக் குறைப்பதோ இன்சுலின் தொடங்குவதோ மருத்துவக் குழுவின் முடிவு.

காவடி: தொற்று முழுக்கத் தீர்ந்து, குழு சம்மதித்தால் தோளில் எடுக்கட்டும். அலகு குத்த வேண்டாம், தோலைத் துளைத்தால் அதுவே கிருமிக்கு வாசல். விரதம் இருந்தாலும் மாத்திரை நேரம் தவறக் கூடாது.