மகனின் மடிக்கணினியில் பழுதில்லை: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்புக்குரிய அம்மா,

கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கும் உங்கள் மகன் ஒவ்வோர் அரையாண்டிலும் மடிக்கணினியை முற்றாக அழித்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவுவதாகவும், பயிற்சி வேலைக்கென்று அனுப்பிய செயற்றிட்டம் “இங்கே ஓடவில்லை” என்று திரும்பிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நகையை அடகு வைத்தாவது புதிய மடிக்கணினி வாங்கிக்கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், அம்மா. தம்பி எனக்கு அனுப்பிய பொதிப் பட்டியலை, அதாவது அவர் நிறுவிவைத்திருக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளின் பட்டியலை, திறந்து பார்த்தேன். அதில் 180 வரிகளுக்கு மேல் இருந்தன, அவருடைய நிரல் அழைப்பதோ ஐந்தே ஐந்து பொதிகளை.

பைதன் மொழியில் எழுதுபவர்கள் பிறர் ஆக்கிவைத்த பொதிகளைப் பிப் என்னும் கருவியால் இறக்கி நிறுவிக்கொள்வார்கள். பொதிகள் நிறுவப்படும் இடத்தைச் சூழல் என்பார்கள்; ஒரு சூழலில் ஒரு பொதியின் ஒரு பதிப்பு மாத்திரமே இருக்க முடியும். 2024 ஜூனில், எண்கணிப்புக்குப் பலரும் பாவிக்கும் நம்பை பொதியின் 2.0 பதிப்பு வந்தபோது, முந்திய பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்டிருந்த பல பொதிகள் அதனோடு இயங்க மறுத்தன. ஆகவே புதிய ஒப்படைக்காக ஒன்றை நிறுவினால் போன வருடச் செயற்றிட்டம் படுத்துவிடும். நம் வீடுகளில் மச்சச் சட்டி வேறு, விரதச் சட்டி வேறு என்று வைத்திருக்கிறோமல்லவா, அதுபோலச் செயற்றிட்டத்துக்கு ஒரு தனிச் சூழல் வைத்திருப்பதே இதற்கு வழி. அதை உருவாக்கும் வென்வ் என்ற கருவி 2012 இல் வந்த பைதன் 3.3 முதல் மொழியோடேயே கிடைக்கிறது. இதற்கென்று தனியார் வகுப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை.

தம்பியின் மடிக்கணினியை இயக்கும் உபுண்டு என்ற இயங்குதளம், தனிச் சூழலுக்கு வெளியே பிப்பால் நிறுவப் போனால் தடுத்துவிடுகிறது. அந்தத் தடையை மீறும் கட்டளையின் பெயரே ‘சிஸ்டம் பொதிகளை உடை’ என்று பொருள்படும். அப்படிப் பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை, ஆனால் தம்பி அதைத்தான் மாதக்கணக்காகப் பாவித்திருக்கிறார்.

வேண்டாத பொதியை நீக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிப் நீங்கள் சொன்ன பொதியை மட்டும் அகற்றும். அதற்குத் துணையாக வந்திறங்கியவை அப்படியே தங்கிவிடும். அந்த 180 வரிகளிற் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்த குப்பைதான். ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை விட, நிரல் நேரடியாக அழைக்கும் பொதிகளையும் அவற்றின் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, சூழல் கோப்புறையை அழித்துவிட்டு, அந்தக் கோப்பிலிருந்து புதிதாகக் கட்டுவதே சுத்தமான வேலை. கோப்புறையை அப்படியே நண்பருக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பக் கூடாது, ஏனெனில் அதற்குள் அவருடைய கணினியின் முகவரிகள் பதிந்திருக்கும்; அனுப்ப வேண்டியது அந்தச் சிறு கோப்பை.

டேட்டாச் செலவைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். ஒருமுறை இறக்கிய பொதியைப் பிப் சேமித்து வைத்திருப்பதால், அதே பதிப்பை இன்னொரு சூழலில் நிறுவும்போது பெரும்பாலும் மறுபடி இறக்க வேண்டியிராது. வன்தட்டில் இடம் மட்டும் கூடுதலாகப் போகும்.

பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் செயற்றிட்டத்தை இறக்கி ஓட்டிப் பார்க்கக்கூடும். ஓடாவிட்டால், உள்ளே எழுதியிருக்கும் நல்ல நிரலை வாசிக்க அவர்களுக்கு நேரமிராது. தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது, அந்தச் செயற்றிட்டத்தையும் பொதிக் கோப்பையும் மாத்திரம் ஒரு நண்பரின் கணினியில் வைத்து, வெறும் சூழலிலிருந்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் பிழைச்செய்தியே அதன் பெயரைச் சொல்லும். அதைக் கோப்பிற் சேர்த்துத் திரும்ப ஓட்டி, தடையின்றி ஓடிய அன்றே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பட்டும்.