மண் பிசைய நான்கு வருடமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பீங்கான், கண்ணாடி வடிவமைப்பு படிக்க வேண்டும் என்கிறாள். மண் பிசைய நான்கு வருடமா?
– ஒரு தந்தை, கரூர்

பதில்: பிசையப் பழகவே எனக்கு ஒரு வருடம் போதவில்லை, ஐயா! கல்லூரியில் நான் செய்த முதல் ஜாடி வெளியே உலர்ந்திருந்தது, அடியில் ஈரம். சூளையில் அது ஆவியாகி ஜாடி வெடித்தது, பக்கத்திலிருந்த தோழியின் கிண்ணமும் போயிற்று. ஒரு வாரம் அவள் முகம் கொடுக்கவில்லை. அதன்பின் எதையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் சுடுவேன்; சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை.

1961இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் முதல் வருடம் பொதுவான அடிப்படைப் படிப்பு. நுழைவுத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் பொருள்களைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். இப்போதே மகளுக்குக் கம்பி, அட்டை, களிமண் வாங்கிக் கொடுங்கள். வீட்டுத் தரை பாழாகும், திட்டாதீர்கள்.